பங்சார் மேட்டுக்கு ஒரு பெரிய எஞ்சின்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எழுத்து வசப்படாது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. ஒற்று வரவேண்டிய இடத்தில் வராது, வேண்டாத இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஞாபகமும் முன்போல் இல்லை. ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றுக்குப் போய்விடுவேன். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

எண்பதுகளின் நடுவில் என்று நினைக்கிறேன். நாங்கள் கிள்ளானில் இருந்தோம். என் வீட்டுக்காரர் ஒரு பஸ் பட்டறையில் ஃபோர்மேன். விடிவதற்குள் வேலைக்குப் போய்விடுவார். நான் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் கிரைண்டர் போட்டுத் தோசை மாவும் வடை மாவும் ஆட்டி, பிரிக்பீல்ட்ஸ் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவந்தேன். மாவை மூடி போட்ட பிளாஸ்டிக் தோங்குகளில் ஊற்றி, எங்கள் பழைய ஸ்டேஷன் வேகன் காரின் பின்பக்கத்தில் அடுக்கி, நானே ஓட்டிக்கொண்டு போவேன்.

நானே ஓட்டினேன் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் நாலு பேர் நடுவில் வாய் திறக்காதவள். கல்யாண வீட்டுக்குப் போனால் அடுப்படியில் புகுந்துகொள்வேன். யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் வியர்த்துவிடும். ஆனால் ஸ்டீயரிங்கைப் பிடித்துவிட்டால் எனக்கு யாரோடும் பேச வேண்டியதில்லை. ஃபெடரல் ஹைவேயில் லோரிகளுக்கு நடுவே போகும்போது வேற்று ஆள் மாதிரி இருப்பேன். கடைக்காரர்களிடமும் பேச்சு அதிகம் கிடையாது. தோங்கை இறக்கி வைப்பேன், அவர்கள் மூடியைத் திறந்து மோந்து பார்த்துத் தலையாட்டுவார்கள். அது எனக்குப் போதும். என் கையால் ஆட்டியதை என் கையாலேயே கொடுத்துவிட்டு வருகிறேன் என்கிற நிறைவு அது.

அந்தக் காருக்கு ஒரு குறை. எஞ்சின் சின்னது, வயசும் ஆகிவிட்டது. சமதரையில் பிழைத்துப் போகும். மேடு என்றால் நின்றுவிடும்.

கடைகளுக்கெல்லாம் கொடுத்துவிட்டுக் கடைசியாக பங்சாரில் ஒரு வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு மேட்டின் உச்சியில் வீடு. அங்கே யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் இருந்தார். கோயில் விசேஷங்களுக்கும் கல்யாணங்களுக்கும் ஆள் வைத்துச் சமைத்துக் கொடுப்பவர். நான் அவரை அன்ரி என்பேன். என்னிடம் அதிகமாக மாவு வாங்கியவர் அவர்தான். அந்த மேட்டில் என் கார் முதல் கியரில் பாதியோடு திணறும். ரிவர்ஸ் கியர் முதல் கியரைவிட இழுக்கும் என்று என் வீட்டுக்காரர் சொல்லிக் கொடுத்திருந்தார். அதனால் அடிவாரத்தில் காரைத் திருப்பி, கழுத்தை வளைத்துப் பின்னால் பார்த்தபடி, பின்பக்கமாகவே மேட்டில் ஏறுவேன். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வேலியில் நின்று கைதட்டும்.

என் வீட்டுக்காரருடைய அண்ணனுக்கு இது தெரிந்துபோயிற்று. அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். சாமான் ஏற்றும் வேன் வைத்திருந்தார். கெட்டவர் இல்லை, ஆனால் வாய் ஓயாது.

"எறாதான் லா பின்னாலேயே நீந்தும். உன் காடி எறா காடிம்மா" என்பார். எறா என்றால் இறால், காடி என்றால் கார். எங்கே பார்த்தாலும், "எறா காடி எப்படி இருக்கு?" என்று கேட்பார். சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவேன்.

ஒருநாள் மாவு கொடுக்கப் போனபோது அன்ரி என்னை வாசலில் நிறுத்தினார்.

"பிள்ளை, என்ரை மகளுக்குக் கலியாணம். அண்டைக்கு விடியவே எல்லாச் சனத்துக்கும் இஞ்சதான் காலமைச் சாப்பாடு. இட்டலி, தோசை, வடை எல்லாத்துக்கும் உங்கட மாதான். ஆனா ஒரே தரத்தில கொண்டந்து இறக்கவேணும். உந்தக் கார் ஏறுமோ?"

நான் காரைத் திரும்பிப் பார்த்தேன்.

"பின்னுக்கு ஏறி, கீழ நிண்டு, பாதியைத் தூக்கிக்கொண்டு வாற வேலையெல்லாம் அண்டைக்குச் சரிவராது. ஏலாதெண்டால் சொல்லுங்கோ. உங்கட மச்சான்காரர் வேனில கொண்டு வாறன் எண்டு சொன்னவர்."

மாமா என்னைக் கேட்காமலே அன்ரியிடம் பேசியிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. அன்று சாயங்காலம் அவரே வீட்டுக்கு வந்துவிட்டார். காலை நீட்டி உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டே சொன்னார்.

"ஏம்மா, உனக்கு எதுக்கு இந்த ரோட்டு வேலை? நீ பாட்டுக்கு வீட்ல மாவு ஆட்டு. பிரிக்பீல்ட்ஸ், பங்சார் எல்லாத்துக்கும் நான் வேன்ல கொண்டு போய்க் குடுத்துர்றேன். கல்யாணத்துல இருந்து ஆரம்பிச்சிருவோம். உனக்குத்தான் ஆளுங்க முகத்தப் பாத்தாலே கூச்சமாச்சே!"

அவர் நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். எனக்கோ வேறு கணக்கு ஓடியது. கல்யாணத்தன்று அந்த வேன் மேட்டில் ஏறினால், அதற்குப் பிறகு நான் கொட்டகையை விட்டு வெளியே வர வேண்டிய அவசியமே இருக்காது. கூச்சக்காரிக்கு அதுதானே வசதி என்று எல்லோரும் நினைப்பார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் என் முகத்தைப் பார்த்தார்.

"அண்ணே, கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கு. இந்தக் காடிக்குப் பெரிய எஞ்சின் போடுறேன். ஏறலேன்னா நீ எடுத்துக்கோ" என்றார்.

"எஞ்சின் போடு, ஏரோப்ளேன் றெக்கை கூடப் போடு. நான் அன்னிக்குக் காலையில மேட்டுக்குக் கீழ வேனோட நிக்கிறேன்" என்று மாமா சிரித்தார்.

கிள்ளானில் அப்போது அரைக்கார் விற்கும் கடைகள் இருந்தன. ஜப்பானில் பழைய கார்களை நடுவில் வெட்டி, முன்பாதியை மட்டும் கப்பலில் ஏற்றி அனுப்புவார்கள். ஹாஃப்-கட் என்போம். கடைக்குள் போனால் வரிசை வரிசையாகக் காரின் முகங்கள், விளக்குகளை விழித்துக்கொண்டு நிற்கும். முகத்துக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது. முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எங்கள் கார் செய்த கம்பெனியே செய்த பெரிய கார் ஒன்றின் முன்பாதி அங்கே இருந்தது. என் வீட்டுக்காரர் எஞ்சினைத் தொட்டுத் தட்டிப் பார்த்தார். கடை முதலாளி சீனர், தவுக்கே என்போம், நல்ல மனுஷர். பாதி மலாயும் பாதி தமிழுமாகப் பேசுவார்.

"கியர்பாக்ஸ் செகாலி எடு லா அண்ணே. எஞ்சின் பெசார், கியர்பாக்ஸ் கெச்சில், தா போலே." எஞ்சின் பெரிசு, கியர்பாக்ஸ் சின்னது என்றால் ஆகாது, கியர்பாக்ஸையும் சேர்த்து எடு என்கிறார்.

"பழைய கியர்பாக்ஸ் நல்லாத்தான் இருக்கு தவுக்கே. இது நீளம் கூட. இதைப் போட்டா ஷாஃப்டை வெட்டணும், ரொம்ப வேலை. வெள்ளிக்கிழமை பூசை இருக்கு" என்றார் என் வீட்டுக்காரர்.

பூசைக்கு நாள் குறித்தது மாமா. புது எஞ்சின் என்றால் கோயிலுக்கு எதிரே நிறுத்தி, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி எடுக்காமல் ரோட்டில் இறக்கக் கூடாது என்று சொல்லி, ஐயரிடம் நேரம் வாங்கிவிட்டார். வேலை முடிந்தபிறகு நாள் பார்க்க வேண்டும். நாங்கள் நாளைப் பார்த்துவிட்டு அதற்குள் முடிகிற வேலையை மட்டும் செய்தோம். எங்கள் ஆட்கள் வீடு குடிபோகும்போதும் இப்படித்தான். கூரை பாதி இருக்கும், பால் பொங்கிவிடும்.

எஞ்சின் உட்கார்ந்துவிட்டது. வாசலில் ஓட்டிப் பார்த்தால், சத்தம் புலிமாதிரி வந்தது, கார் ஆமைமாதிரி நகர்ந்தது. தோல் எரிகிற மாதிரி ஒரு வாடை. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருந்து பிடித்துக்கொள்ள வேண்டிய பழைய கிளட்ச் பிடிக்காமல் வழுக்குகிறது என்றார் என் வீட்டுக்காரர். பூசைக்கு முதல்நாள் அதைமட்டும் கழற்றிவிட்டு, இறுக்கமான புது கிளட்ச் போட்டார். இப்போது பிடித்தது. எல்லோரும் சந்தோஷமாகப் படுத்தோம்.

வெள்ளிக்கிழமை. முன்கதவில் மாலை, பானெட்டில் சந்தனமும் குங்குமமும், நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம். கோயிலுக்கு வந்த சனமெல்லாம் நின்றுவிட்டது. மாமா முன்னால் நின்று கற்பூரத் தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "டேய் தம்பி, நல்லா அழுத்து! புது எஞ்சின் சத்தத்த எல்லாரும் கேக்கட்டும்!" என்றார்.

என் வீட்டுக்காரர் சாதாரணமாக அப்படிச் செய்கிறவர் இல்லை. அண்ணன் சொன்னதும் அவருக்கும் ஆசை வந்துவிட்டது. எஞ்சினை உறும விட்டு, கிளட்சிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தார்.

டமார் என்று ஒரு சத்தம். அடுத்து இரும்பு தார்ரோட்டில் விழுந்து உருளும் சத்தம். எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டே இருந்தது. கார் ஓர் அங்குலம் நகரவில்லை. கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரங்களுக்குப் போகிற நீள ஷாஃப்டின் மூட்டு, கிராஸ் ஜாயின்ட் என்பார்களே, அது உடைந்து, ஷாஃப்ட் கீழே தொங்கியது. நாலு பழமும் வைத்தது வைத்தபடி இருந்தன. ஐயர் மெதுவாகத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"எலுமிச்சம்பழத்தையே நசுக்க முடியல, இது மலை ஏறப் போவுதாம்!" என்று யாரோ சொன்னார்கள். ஒரு கிழவி, "சகுனமே சரியில்லை" என்றாள். மாமா என்னிடம் வந்து, "விடும்மா. சாமியே வேணான்னு சொல்லிருச்சு" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, பரிதாபமாகச் சொன்னார். அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

மாமாவின் வேனில் கயிறு கட்டி எங்கள் காரை வீட்டுக்கு இழுத்துப் போனார்கள். ஸ்டீயரிங் பிடிக்க ஒருவர் வேண்டுமே என்று நான் உட்கார்ந்தேன். மாலை போட்ட காரில், குங்குமம் வைத்த பானெட்டுக்கு முன்னால் மாமாவின் வேன் முதுகைப் பார்த்துக்கொண்டே கிள்ளான் டவுன் வழியாகப் போனேன். இனிமேல் என் பிழைப்பு இப்படித்தான் அந்த முதுகுக்குப் பின்னால் இருக்கும்போல என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தார். "மூட்டு மட்டும்தான் போயிருக்கு. கொஞ்சம் கனமான மூட்டாப் போட்டுட்டாச் சரியாப் போயிரும்" என்றார்.

நான் கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றது. இரண்டு வருஷத்துக்கு முன் அந்தக் கிரைண்டருக்கு அவர் பெரிய மோட்டார் போட்டது ஞாபகம் வந்தது. முதலில் பெல்ட் அறுந்தது. தடிப்பான பெல்ட் போட்டோம், புல்லி உடைந்தது. இரும்புப் புல்லி போட்டோம், கல்லைச் சுற்றுகிற தண்டே வளைந்துவிட்டது. தண்டையும் மாற்றியபிறகுதான் கிரைண்டர் ஒழுங்காக ஓடியது.

"என்னாங்க" என்றேன். "கிளட்ச் வழுக்கிச்சு. அதை மாத்துனீங்க, மூட்டு உடைஞ்சிச்சு. மூட்ட மாத்துனா அடுத்தது எது உடையும்?"

அவர் ஸ்பேனரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"இந்தக் கிரைண்டர் கதைதானே இது? மோட்டார் வந்துருச்சு. ஆனா கல்லு வரைக்கும் மாத்துனோமா? சக்கரம் வரைக்கும் பாத்துருங்க."

அவர் தலை மட்டும் வெளியே வந்தது. முகமெல்லாம் கிரீஸ்.

"இதப் பூசைக்கு முன்னாடி சொல்றதுக்கு என்ன?"

"கேட்டாத்தானே சொல்லுவேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். அந்த வெள்ளிக்கிழமை முழுக்க நாங்கள் சிரித்தது அப்போது மட்டும்தான்.

மறுநாளே எல்லாவற்றையும் கழற்றினார். நான் சொன்னது சரியாகத்தான் இருந்தது. பின்சக்கரங்களுக்கு நடுவில் பூசணிக்காய் மாதிரி ஒரு பெட்டி இருக்குமே, ஷாஃப்டின் சுற்றை வாங்கி இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுப்பது, அதைத் திறந்து எண்ணெயை வடித்தபோது பல்சக்கரத்தின் பல்துண்டு ஒன்றும் கூடவே விழுந்தது. இன்னும் ஒரு தடவை அழுத்தியிருந்தால் அதுவும் போயிருக்கும். நடு மேட்டில் போயிருந்தால் மாவோடு கீழே உருண்டிருப்பேன்.

மறுபடியும் அரைக்கார் கடைக்குப் போனோம். தவுக்கே அந்த நீளக் கியர்பாக்ஸை விற்காமல் வைத்திருந்தார். "வருவீங்கன்னு தெரியும் லா" என்பதுபோல் சிரித்தார். பின்பக்கத்து அச்சும் அந்தப் பூசணிக்காய்ப் பெட்டியும் வேண்டும் என்று என் வீட்டுக்காரர் கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஹாஃப்-கட்ல பொந்தோட் மானா அடா, அண்ணே? ஜப்பான்காரன் மூஞ்சி மட்டும்தான் அனுப்புறான். பொந்தோட் அங்கேயே வச்சிக்கிட்டான்!" மானா அடா என்றால் எங்கே இருக்கு, பொந்தோட் என்றால் புட்டம். நான் அந்தப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அவரே என்னைப் பார்த்து, "அச்சி, ரவாங் போங்க. அங்க லங்கார் பட்ட வேகன் நிறைய இருக்கு" என்றார். லங்கார் என்றால் மோதி நொறுங்கியது.

பஸ் பிடித்து ரவாங்கில் ஒரு பழைய சாமான் கடைக்குப் போனோம். லாலான் புல்லுக்கு நடுவில் நொறுங்கிய கார்கள் கிடந்தன. எங்களுக்குப் பொருந்துகிற மாதிரி இரண்டு அச்சுகள் கிடைத்தன. ஒன்று வேகமாக ஓடும் காரில் இருந்தது. இன்னொன்று பாரம் ஏற்றிய வேகனில் இருந்தது. என் வீட்டுக்காரருக்கு முதல் அச்சில்தான் கண். பெரிய எஞ்சின் போட்டாயிற்று, ஹைவேயில் பறக்கலாமே என்று ஆசை. எனக்குப் பறக்க வேண்டாம், இழுத்தால் போதும்.

"எது இழுக்கும்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"ஷாஃப்ட் அதிகம் சுத்தி, சக்கரம் கம்மியாச் சுத்தினா இழுக்கும். வேகம் போவாது."

"அப்ப சுத்திப் பாத்துருவோம்."

அச்சைக் கட்டைமேல் தூக்கி வைத்தோம். ஒரு சக்கரத்தை மட்டும் சுற்றினால் கணக்குத் தப்பிவிடும், இரண்டையும் சேர்த்துச் சுற்ற வேண்டும் என்றார். அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நடுவில் ஷாஃப்ட் மாட்டும் இடத்தில் சுண்ணாம்புக் கோடு. அந்தக் கடை அண்ணன் குந்தி உட்கார்ந்து கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மெதுவா, சேர்ந்து, சேர்ந்து" என்று என் வீட்டுக்காரர் சொல்ல, அம்மிக்குழவியை இரண்டு பேர் பிடித்து அரைக்கிற மாதிரி ஒரே கதியில் சக்கரத்தைச் சுற்றினோம். சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் வேகன் அச்சில் கோடு நாலு தடவைக்கு மேலே வந்தது. கார் அச்சில் நாலுக்குக் கீழே. வேறு பேச்சே இல்லை, வேகன் அச்சை எடுத்தோம். "அக்கா ஜெயிச்சிட்டாங்க" என்றார் கடை அண்ணன்.

திரும்பி வரக் கிடைத்தது ஒரு கோழி லோரி. காலிக் கூண்டுகளுக்கு நடுவில் அச்சைப் போட்டுக்கொண்டு வந்தோம். கிள்ளானில் இறக்கியபோது கிரீஸ் முழுக்கக் கோழி இறகு ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டி எடுக்கவே ஒரு பொழுது ஆனது.

பிறகு வேலைமேல் வேலை. நீளக் கியர்பாக்ஸ் ஏறியது. அதற்குத் தகுந்த அகலக் கிளட்ச். ஷாஃப்டை லேத் கடையில் கொடுத்து, அளவுக்கு வெட்டி, இரண்டு பக்கமும் கனமான மூட்டு வைத்து, சுற்றும்போது ஆடாமல் இருக்கச் சமன்பார்த்து வாங்கினோம். புது அச்சு பழையதைவிடக் கொஞ்சம் அகலம். அதனால் பாரம் தாங்கும் பட்டைவில் ஸ்பிரிங்கில் அது உட்காரும் மேடைகளைப் பட்டறைக்குக் கொண்டுபோய் மாற்றி ஒட்டினார். பிரேக்கும் பெரியதாக வந்தது. ஓடுகிற வண்டிக்கு நிற்கவும் தெரிய வேண்டுமே. வண்டிப் பதிவு ஆபீசுக்குக் கொண்டுபோய்க் காட்டி, புது எஞ்சின் நம்பரைக் காரின் பதிவுக் கார்டில் ஏற்றி வாங்கினோம். அவர் ஸ்பேனரை நீட்டச் சொல்லும் முன்பே எந்த நம்பர் என்று எனக்குத் தெரியும் அளவுக்கு நானும் அந்தக் காருக்கு அடியிலேயே குடியிருந்தேன்.

மாமா வந்து எட்டிப் பார்த்து, "மறுபடி பூசைக்கு நாள் பாக்கவா?" என்று கேட்டார்.

"வேணாம் மாமா. சாமிக்கு ஒரு தடவை சொல்லியாச்சு" என்றேன். நான் பதில் பேசியதில் அவருக்கே ஆச்சரியம்.

கல்யாணத்தன்று காலை. எப்போதும் கடைகளில் இறக்கிவிட்டுக் குறைந்த பாரத்தோடுதான் அந்த மேட்டுக்கு வருவேன். அன்று பின்பக்கம் கூரைவரை தோங்குகள். காரின் பின்பக்கம் தழைந்து, மூக்கு மேலே பார்த்தது. என் வீட்டுக்காரர் லீவு எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். மடியில் ஒரு தோசை மாவுத் தோங்கு. மாவு வேறு நன்றாகப் புளித்துப் பொங்கிக்கொண்டிருந்தது. குலுக்கினால் மூடியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். ஃபெடரல் ஹைவேயில் கார் சத்தமில்லாமல் போனது. அவர் காலால் தரையை உணர்ந்துகொண்டே வந்தார், எங்காவது அதிர்கிறதா என்று.

பங்சார் மேட்டடியில் மாமா சொன்னபடியே வேனோடு நின்றார். பட்டு வேட்டி, நெற்றியில் விபூதி. வேனின் பின்கதவைத் திறந்து வைத்திருந்தார். "இறக்குங்க, இறக்குங்க, நேரமாவுது" என்று கையை ஆட்டினார். நான் அவரைப் பார்த்தேன், ஆனால் நிறுத்தவில்லை. இரண்டாவதிலிருந்து முதல் கியருக்கு மாற்றி, நேராக மேட்டைப் பார்த்துக் காரை விட்டேன்.

ஏறியது. மூச்சு வாங்காமல் ஏறியது. வேலிகள் இரண்டு பக்கமும் பின்னால் போய்க்கொண்டிருந்தன. பாதிவழி, எப்போதும் பழைய எஞ்சின் திணறுகிற அந்த வளைவில், மேலேயிருந்து பெரிய கார் ஒன்று இறங்கி வந்தது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் போல. ரோடு குறுகல். அவர்கள் நின்றார்கள். நானும் நிற்க வேண்டியதாயிற்று, மேட்டின் செங்குத்தான இடத்தில், அத்தனை பாரத்தோடு.

ஓடிக்கொண்டே ஏறுவது ஒன்று. நின்ற இடத்திலிருந்து இழுப்பது வேறு. கோயில் வாசலில் உடைந்தது நின்ற இடத்தில்தானே? என் வீட்டுக்காரரின் கை கதவைப் பிடித்துக்கொண்டது. கீழேயிருந்து மாமாவின் குரல் கேட்டது: "ரிவர்ஸ்ல இறங்கி வாம்மா! நான் ஏத்திக்கிறேன்! வாம்மா!"

அந்தப் பெரிய கார் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டது. அதில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். வேறு நேரமாக இருந்தால் எனக்கு வியர்த்துக் கொட்டியிருக்கும். அன்று அவர்கள் என் கண்ணில் படவே இல்லை. ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்தபடி கிளட்சை மெல்ல மெல்ல விட்டேன். அது கடித்தது. காரின் பின்பக்கம் குந்தி உட்கார்ந்தது, மூக்கு தூக்கியது. என் காலடியிலிருந்து முதுகுவரை இழுப்பு வந்தது. எஞ்சினிலிருந்து கிளட்ச், கிளட்சிலிருந்து கியர்பாக்ஸ், ஷாஃப்ட், அந்தப் பூசணிக்காய், சக்கரம் என்று ஒன்றின் கையை ஒன்று பிடித்திருப்பது எனக்குத் தெரிந்தது. எங்கேயும் வழுக்கவில்லை. ஹேண்ட்பிரேக்கை விட்டேன்.

கார் ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகாமல் மேலே கிளம்பியது.

"அடி சக்கை!" என்றார் என் வீட்டுக்காரர். மடியில் இருந்த தோங்கைத் தட்டிவிட்டார், மூடி வழியாகக் கொஞ்சம் மாவு அவர் புதுச் சட்டையில் வழிந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. "பாத்தியா? பாத்தியா?" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், ஓட்டுவது நான் என்பதை மறந்துவிட்டு.

உச்சியில் பந்தலுக்கு முன்னால் நிறுத்தினேன். அன்ரி பட்டுச்சேலையோடு வெளியே ஓடிவந்தார்.

"என்ன பிள்ளை, முன்பக்கத்தாலேயே வந்திட்டீங்களோ! நான் உங்கட மச்சான்ரை வேனைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

"இல்ல அன்ரி. நான்தான் ஓட்டிட்டு வந்தேன். எல்லாம் ஒரே தரத்துல இருக்கு" என்றேன். பந்தலில் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். என் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்கே தெரியாது.

தோங்குகளை இறக்கி முடிப்பதற்குள் மாமா நடந்தே மேட்டில் ஏறி வந்து சேர்ந்தார். வேட்டியெல்லாம் வியர்வை. அன்ரி அவரைப் பார்த்து, "நீங்கள் வேனோட வந்தது நல்லதாப் போச்சு. மண்டபத்துக்குக் கதிரைகள் ஏத்தவேணும். மா இனி இவ கொண்டருவா" என்றார்.

மாமா எங்கள் காரைச் சுற்றி வந்தார். பிறகு, பட்டு வேட்டியோடு, கல்யாண வீட்டு வாசலில், தரையில் மல்லாந்து படுத்துக் காருக்கு அடியில் தலையை விட்டார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏம்மா, இந்த அச்சு எங்க கிடைச்சிச்சு? என் வேனும் பாரம் ஏத்துனா மேட்ல முக்குது."

"ரவாங்ல மாமா. சும்மா வாங்கிறாதீங்க. சக்கரத்தச் சுத்திப் பாத்து வாங்கணும். வேணும்னா நான் கூட வரேன்."

அன்ரி எல்லோருக்கும் முன்னால் என்னை உட்கார வைத்து முதல் தோசையை என் தட்டில்தான் போட்டார். அடுப்படிக்குப் போகாமல் பந்தலிலேயே உட்கார்ந்து பசியாறினேன். மறுநாள் காலை வழக்கம்போல பிரிக்பீல்ட்ஸுக்கு மாவு எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அதற்குப் பிறகு நிறைய வருஷம் நான்தான் கொண்டு போனேன்.

இவ்வளவும் என் ஞாபகத்தில் இருந்தபடி எழுதியிருக்கிறேன். வண்டி வேலை தெரிந்தவர்கள் யாராவது படித்தால் தயவுசெய்து சரிபார்க்க வேண்டும். கோயில் வாசலில் உடைந்தது ஷாஃப்டின் பின்மூட்டு என்று நான் நினைக்கிறேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு முன்மூட்டு என்று சண்டைக்கு வருகிறார். ரவாங் அச்சு நாலே கால் சுற்றா, நாலரையா என்பதிலும் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. சாமான்களின் பெயரை நாங்கள் பட்டறையில் சொன்ன மாதிரியே எழுதிவிட்டேன். சரியான பெயர் வேறாக இருந்தால் அதையும் திருத்திக் கொடுங்கள்.